ஒரு மூடி பினாயில்

சார்,

இன்று காலை பாபு நான் துடைத்துவிட்ட ஈரத் தரையில் செருப்புக் காலோடு நடந்து போனான். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுத் தெருமுனை வரை போனவன், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று திரும்பி ஓடிவந்தான். வாசலிலிருந்து அடுப்படி வரை தபதபவென்று போய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அதே வழியில் தபதபவென்று திரும்பினான். போக ஏழு தடம், வர ஏழு தடம்.

"கண்ணு பொட்டையாடா உனக்கு? இப்பதான தொடச்சேன்!" என்று கத்தினேன்.

"காஞ்சிடும், உடுக்கா!" என்று தெருவிலிருந்து குரல் வந்தது.

கையில் துணியோடு அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பினாயில் வாசனை மூக்கில் ஏறியது. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இருந்தபோது உங்களுக்கு ஒழுங்காக ஒரு நன்றிகூட நான் சொன்னதில்லை. இன்றைக்கு எனக்கு வார விடுமுறை. தரையை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காக்கிச் சட்டைக்காரருக்கு நான் கடிதம் எழுதுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். என் அப்பா ஆவடியிலிருந்து இரவல் சைக்கிளில் என்னை வைத்து மிதித்துக்கொண்டு வந்தபோது, விளக்கு இல்லை என்பதற்காக ஒரு போலீஸ்காரர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நூறுக்குப் போன் போட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் இரண்டு தடவை கட் செய்தேன். மூன்றாவது தடவை பேசியபோது விலாசத்தைச் சொல்வதற்கு முன்னால், "அடிக்க மாட்டீங்கல்ல சார்?" என்றுதான் கேட்டேன்.

அந்த வருட மழையில் ஏரித் தண்ணீரும் சாக்கடையும் ஒன்றாகக் கலந்து எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றது. தண்ணீர் வடிந்த மூன்றாவது வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போய்விட்டாள். அப்பா அதற்கு முன்னாலேயே போய்விட்டதால் காரியமெல்லாம் பாபுதான் செய்தான். அழவில்லை. அதன் பிறகு வீட்டைத் துடைக்க ஆரம்பித்தான். முதலில் காலை மாலை. பிறகு யார் வந்து போனாலும் ஒரு தடவை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலைக்குப் போவதை நிறுத்தினான். "செருப்புல ஒட்டிகினு வருதுக்கா. அதான் அம்மாவ கொண்டுகினு போச்சி" என்பான். துக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். ஊரிலும் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அக்காக்காரி செய்த தப்பு அதுதான் சார், இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஞாயிறோடு அவன் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல வந்தவர், பழக்கத்தில் செருப்போடு உள்ளே கால் வைத்துவிட்டார். பாபு பிடித்துத் தள்ளினான். அவர் வாசற்படியில் விழுந்து நெற்றி கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் தெருவே கூடிவிட்டது. யாரோ கயிறு கொண்டுவந்தார்கள். "பைத்தியம் முத்திப்போச்சி, கட்டிப் போடுங்கடா" என்றார்கள். கயிற்றைப் பார்த்த பிறகுதான் அவன் மீன் வெட்டும் கத்தியை எடுத்தான். என்னை வெளியே போகச் சொன்னான். வெளியே வந்துதான் நூறுக்குப் போன் போட்டேன்.

உங்கள் ஜீப் வந்தது. முதலில் இறங்கியது அந்த இளவயசுக் கான்ஸ்டபிள். லத்தியை ஓங்கிக்கொண்டு நேராக உள்ளே போனார். இரண்டே அடிதான். ஈரத் தரையில் பூட்ஸ் தடம் பளிச்சென்று விழுந்தது. பாபு கத்தியைத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனான். "இன்னொரு அடி வெச்சா அறுத்துக்குவேன்!"

நான் போன் போட்டு வரவழைத்த போலீஸ். என் தம்பி என் கண்ணெதிரே சாகப்போகிறான், நான்தான் அதற்குக் காரணம் என்று நினைத்தேன்.

நீங்கள் அவசரமே படாமல் வந்தீர்கள். தொப்பை, நரைத்த மீசை, லேசாக விந்திய நடை. வாசலில் நின்று பாபுவைக்கூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தீர்கள்.

"யோவ், வெளிய வாய்யா."

"சார், கத்தி வெச்சிகினுகீறான் சார்."

"தெரியுது. நீ எங்க நின்னுகினுகீற, அத்தப் பாரு. வந்த தடத்துலயே கால வெச்சி பின்னால வா."

பிறகு கயிறு வைத்திருந்தவரிடம் திரும்பினீர்கள். "அண்ணாத்தே, கயித்த எடுத்துகினு ஊட்டுக்குப் போ. இந்தப் பையன் இப்ப என் பொறுப்பு. இவனுக்கு இன்னா ஆனாலும் நான்தான் பதில் சொல்லணும். நீ சொல்லுவியா?" கூட்டம் பத்தடி பின்னால் போனது. லத்தியை என்னிடம் நீட்டி, "இத்தப் புடிம்மா" என்றீர்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக லத்தியைக் கையில் பிடித்தேன். இவ்வளவு லேசான பொருளா என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தீர்கள். ஒன்று முடிச்சு விழுந்திருந்தது. நகத்தால் நெம்பி நெம்பி எடுத்தீர்கள். அது முடியவே முடியாது போலிருந்தது. உள்ளே கத்திக்கொண்டிருந்தவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்துவதை நிறுத்திவிட்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எட்டிப் பார்த்தான். சாக்ஸில் கட்டை விரல் இடத்தில் ஓட்டை. அதையும் கழற்றி பூட்ஸுக்குள் திணித்துவிட்டு, தொப்பியை மேலே வைத்தீர்கள்.

"நைனா, எங்க ஆளு மிதிச்சிட்டான். தப்பு எங்க மேலதான். தொடைக்கிற துணி எங்க கீது?"

கதவோரம் கிடந்த துணியை எடுத்தீர்கள்.

"அது கால் தொடைக்கிறது! அத்தப் போடாத! பக்கெட்டு பின்னால வேற கீது."

"இதுவா?"

"தண்ணில பினாயில் ஊத்து. ஒரு மூடி. ஒரு மூடிதான்."

ஒரு மூடி அளந்து ஊற்றினீர்கள். சீருடையோடு முட்டி போட்டு உங்கள் கான்ஸ்டபிளின் பூட்ஸ் தடத்தைத் துடைத்தீர்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிளுக்கு முகம் சிவந்துவிட்டது. பாபு விடவில்லை. "மூலையில உட்டுட்ட. அங்க மண்ணு கீது." மறுபடி துடைத்தீர்கள். "கோடு உழுது, இன்னொரு தபா." மறுபடியும். எத்தனை தடவை என்று எனக்கு நினைவில்லை. அவன் குரல் தாழ்ந்து, பட்டறையில் சின்னப் பையன்களுக்கு வேலை சொல்லும் குரலுக்கு வந்துவிட்டது. கத்தி மட்டும் கையிலேயே இருந்தது.

ஒரு கட்டத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். பக்கெட்டை அவன் பக்கம் காலால் மெல்லத் தள்ளிவிட்டு, நீங்கள் பின்வாங்கி வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

"முட்டி செத்துப்போச்சி நைனா. உன்னிய மாதிரி எனக்குத் தொடைக்க வரல. மீதிய நீயே தொடச்சிடு."

அவன் துணியை எடுத்தான். தண்ணீர் சொட்டியது. ஒரு கையால் பிழியப் பார்த்தான், முடியவில்லை.

"துணியப் புழிய ரெண்டு கை வோணுமே" என்றீர்கள். அவ்வளவுதான்.

பாபு கத்தியைப் பார்த்தான். துணியைப் பார்த்தான். கத்தியை அலமாரி மேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் துணியைப் பிழிந்தான். கான்ஸ்டபிள் பாய்வதற்குக் காலை எடுத்தார். உட்கார்ந்தபடியே அவருடைய பேன்ட் காலைப் பிடித்து இழுத்து நிறுத்தினீர்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். என் வயிற்றில் பால் வார்த்தீர்கள் சார்.

அவன் வீடு முழுவதும் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தீர்கள். பிறகு, "டீ குடிச்சிட்டு அப்படியே டாக்டரப் பாத்துட்டு வரலாமா? தூங்கி எத்தினி நாளாச்சி உனக்கு?" என்று கேட்டீர்கள். அவன், "அந்த ஷூவப் போட்டுகினு நீ கூட வரக்கூடாது" என்றான். சரி என்றீர்கள். பூட்ஸைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, சீருடை முட்டியில் ஈரத்தோடு, எங்கள் தெருவில் அவன் பக்கத்தில் நடந்தீர்கள். ஜீப்பில் அவனை நடுவில் உட்காரவைக்கவில்லை, ஜன்னலோரம் உட்காரவைத்தீர்கள்.

அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் ஊசி போட்டுத் தூங்கிய பிறகு, நான் உங்கள் மேல் எரிந்து விழுந்தேன். பயம் போனதும் எனக்குக் கோபம்தான் வரும். "கத்திய முதல்லயே புடுங்கியிருக்கலாமே, அவ்ளோ நேரம் அவன் கையில உட்டு வெச்சீங்களே" என்றேன்.

"புடுங்குனா கத்தி வரும்மா. உன் தம்பி வர மாட்டான்" என்றீர்கள். பிறகு நீங்களாகவே, "ஒரு தபா புடுங்கிப் பாத்துகீறேன். வேற ஸ்டேஷன்ல" என்றீர்கள். அது யார், என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் நீங்கள்தான் பேசினீர்கள். அவர் நெற்றித் தையலைத் தடவிக்கொண்டே புகார் வேண்டாம் என்றார். பாபு ஆறு மாதம் மாத்திரையோடு வீட்டில் கிடந்தான், பிறகு பட்டறைக்குப் போனான். நடுவில் இரண்டு தடவை மாத்திரையை நிறுத்திவிட்டு எங்களை அலைக்கழித்தான். எல்லாம் ஒரே நாளில் மாறவில்லை. நீங்கள் ரோந்து வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பீர்கள். இரண்டு நிமிடம் நிற்பதற்கும் பூட்ஸைக் கழற்றுவீர்கள். ஒருநாள் ஜிப் வைத்த ஷூவோடு வந்து, "உன் தம்பியால கயிறு வெச்ச ஷூவையே உட்டுட்டேன்மா" என்று காலை ஆட்டிக் காட்டினீர்கள். பாபு அன்று முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான். அம்மா போன பிறகு அதுதான் முதல் தடவை.

ஓய்வு பெற்றுத் திருநின்றவூர்ப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனீர்கள். தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று சேதி வந்தது. நானும் பாபுவும் ரயிலேறி வந்தோம். எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. சாவு வீடு, நூறு பேர், வாசல் முழுக்கச் செருப்பு, பந்தலடியில் சேறு. அம்மா சாவுக்குப் பிறகு அவன் எந்தச் சாவுக்கும் போனதில்லை. பையில் அவன் மாத்திரையை எடுத்து வைத்திருந்தேன்.

உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆண்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். வழக்கப்படி பெண்கள் வீட்டைக் கழுவிவிடத் தண்ணீர் எடுத்தார்கள். பாபு மட்டும் சுடுகாட்டுக்குப் போகவில்லை. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு பாட்டியம்மாவிடமிருந்து பக்கெட்டை வாங்கினான். ஒரு மூடி பினாயில் ஊற்றினான். நான் தடுக்கப் போனேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். முகம் தெளிவாக இருந்தது.

உங்கள் வீட்டம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "யாருப்பா நீ? உனக்கு ஏம்ப்பா இது?" என்றார்.

"சார் ஒரு தபா எங்க ஊட்டத் தொடச்சாரும்மா" என்றான்.

அவர் என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். நீங்கள் அவரிடம் சொல்லவே இல்லையாமே! கேட்டு முடித்துவிட்டு அவர் அழுகையோடு சிரித்துவிட்டார். "இந்த ஊட்ல ஒரு நாளு தொடப்பத்தத் தொட்டதில்ல அந்த மனுஷன். ஊரு ஊட்டத் தொடச்சிகீறாரு பாரு!" என்றார். உங்களுக்கு அங்கே நல்ல அர்ச்சனை சார். சாவு வீட்டில் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பழைய கான்ஸ்டபிள் வந்தார். இப்போது ஏட்டு. பந்தோபஸ்து வேலையில் மாட்டி உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்காமல் ஓடிவந்திருந்தார். ஈரத் தரையையும் அதைத் துடைத்துக்கொண்டிருந்தவனையும் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. வாசலிலேயே குந்தி உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றில் கை வைத்தார். அழுதுகொண்டிருந்தார். முடிச்சு அவிழவில்லை.

பாபு துணியோடு எழுந்து அவரிடம் போனான்.

"பரவால்ல சார். ஷூவோடயே வாங்க. நான் தொடச்சிக்கிறேன்."

அவர் உள்ளே வந்து உங்கள் படத்துக்கு முன்னால் நின்றார். தரையெல்லாம் பூட்ஸ் தடம். பாபு பொறுமையாகக் காத்திருந்து, அவர் போன பிறகு துடைத்தான். ஒரே ஒரு தடவைதான் துடைத்தான். திரும்பி வரும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். மாத்திரை பையிலேயே இருந்தது.

நூறுக்குப் போன் போட்டதை நினைத்துப் பல வருடம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது திட்டுவதில்லை. அந்தப் போனுக்கு நீங்கள் வந்தீர்கள், அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? நான் வேலை பார்க்கும் கம்பெனியில், சரக்கைச் சோதிக்கும் செக்கிங் ஹாலில் பெண்களுக்குள் சண்டை வந்து குரல் ஏறினால், முதலில் தரையைத்தான் பார்க்கிறேன். யார் எதை மிதித்தார்கள் என்று. அது மட்டும் உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

எழுதி முடிப்பதற்குள் தரை காய்ந்துவிட்டது. பாபு சொன்னது சரிதான். பதினாலு தடமும் லேசாக மண்ணோடு தெரிகின்றன. பக்கெட் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். சாயங்காலம் அவன் வந்து அதன் மேலேயே நடக்கட்டும்.

இப்படிக்கு,
பாபுவின் அக்கா