நீ போடாமல் விட்ட குழாய்

வேலா லூகா,
மே 14

ஷ்பீரோவுக்கு,

நெவெங்கா எழுதுகிறேன். நானும் பெரீனாவும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக இந்த வரியை யோசிக்காமல் எழுதிவிடுவேன். இந்த முறை யோசித்துத்தான் எழுதினேன். உன் கப்பல் இருபதாம் தேதி ஜெனோவாவுக்கு வரும் என்று கம்பெனியில் சொன்னார்கள், அங்கே அனுப்புகிறேன்.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. திராட்சைக் கொடிகளுக்கு மயில்துத்தம் தெளித்தாயிற்று.

இனி பைக் விஷயம். மார்ச்சில் நீ கிளம்புவதற்கு முந்தின நாள் முன்சக்கரத்துக்குப் புது பேரிங் மாட்டினாய். நட்டை இறுக்கினால் சக்கரம் சுற்றவில்லை, தளர்த்தினால் சுற்றியது. தளர்த்தியபடியே விட்டாய். நான் கேட்டதற்கு, "புது பேரிங் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாயிடும்" என்றாய். நம்பினேன். கப்பல் எஞ்சினையே பிரித்து மாட்டுகிறவன் சொல்லும்போது நான் யார் சந்தேகப்பட?

ஏப்ரலில் ஹேண்டில் ஆட ஆரம்பித்தது. காற்றுக் குறைவு என்று நினைத்து டயருக்குக் காற்றடித்தேன். பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம். பிரேக் உரசுகிறதோ என்று அதையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். சத்தம் நிற்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை பெரீனாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்போது, கல்லறைத் தோட்டத்து வளைவில் சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. கல்சுவர் தடுத்திராவிட்டால் கீழே கடல்தான். எனக்குத் தோளில் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்கிறது. பத்து வயதுக் குழந்தை, அழக்கூட இல்லை.

பட்டறைக்காரர் பார்பா யெர்கோ சக்கரத்தைக் கழற்றினார். வலப்பக்க பேரிங்கின் கூடு நொறுங்கி, குண்டுகள் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் சிதறிக் கிடந்தன. விரலை உள்ளே விட்டுத் துழாவியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, நடுக்குழாய் எங்க?" என்றார். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு குழாய் இருக்க வேண்டுமாம். அது இல்லாமல் நட்டை இறுக்கினால் பேரிங் நெரியும், இறுக்காவிட்டால் ஆடி ஆடி உடையும். "இத மாட்டினவன் வேல தெரியாதவனா, இல்ல எது நடந்தா எனக்கென்னன்னு இருக்கிறவனா?" என்று கேட்டார்.

வீட்டில் பழைய சாமான்களில் தேடச் சொன்னார். பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், அந்தக் குழாயைக் கந்தல் துணியில் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தாய். ஒரு முனை சுத்தியல் அடியில் நசுங்கிப்போயிருந்தது. மறந்து விட்ட பொருளுக்கு யாரும் கயிறு கட்டுவதில்லை, ஷ்பீரோ.

அன்று உனக்கு உதவிய உன் சித்தப்பா மகன் ரோக்கோவைப் போய்க் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான்: "குழாயோட வாய் நசுங்கிட்டதால ஆக்ஸில் கம்பி நுழையல, நெவா. மறுநாள் கப்பல் ஏறணும்னு அவனுக்கு அவசரம். நெவா ஓட்டுவாளேடான்னு கேட்டேன். அவ என்ன பந்தயமா ஓட்டப் போறா, பள்ளிக்கூடத்துக்கும் மீன் கடைக்கும்தானேன்னான்." சொல்லிவிட்டு அவனே லேசாகச் சிரித்தான். அன்று நீங்கள் இரண்டு பேரும் இப்படித்தான் சிரித்திருப்பீர்கள் என்று புரிந்தது.

கோபம் வந்திருந்தால் நாலு பக்கம் திட்டி எழுதிவிட்டு அழுதிருப்பேன். எனக்கு வந்தது அருவருப்பு. அந்தக் கந்தலைத் தொட்ட கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். உன் சட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்து உன் அம்மா வீட்டில் வைத்துவிட்டேன். பதினொரு வருடம் இந்த வீட்டில் இன்னும் எதையெல்லாம் இப்படிச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறாய் என்று ஒவ்வொரு மூலையாகப் பார்க்கிறேன்.

பார்பா யெர்கோ ஹப்பின் உள்ளளவை எடுத்து, புதுக் குழாய் கடைந்து மாட்டிக் கொடுத்தார். நட்டை முழுக்க இறுக்கிய பிறகும், ஒரு விரலால் தட்டினால் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றுகிறது. மொத்த வேலையும் முக்கால் மணி நேரம். உன்னிடம் அவ்வளவு நேரம் இல்லாமல் போயிற்று.

ஆகஸ்டில் நீ வரும்போது என்ன பேசுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதைப் பிறகு பார்க்கலாம். அவசரம் வேறொன்று இருக்கிறது. நேற்று பெரீனா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் பின்னாடி ஒழுங்கா உட்காராம சாஞ்சதாலதானேம்மா விழுந்தோம்? அப்பாகிட்ட சொல்லிடாத" என்றாள். ஒரு வாரமாக அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். அவள் மேல் தப்பில்லை என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் குழாயைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை.

எனக்கு நீ எழுத வேண்டாம். ஜெனோவாவில் இறங்கியதும் அவளுக்கு எழுது. உன் கையால், நடந்ததை நடந்தபடி எழுது. மாலுமிகளின் காவலர் தூய நிக்கோலா உன்னைக் கடலில் காப்பாற்றட்டும். அந்தக் கடிதம் வருகிறவரை அவர் உன்னைக் கட்டாயம் காப்பாற்ற வேண்டும்.

நெவெங்கா