முதுகுப்பக்க வார்

பம்மல்

அன்புள்ள அம்மாவுக்கு,

இசக்கிராஜ் எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஞாயிறுதோறும் நானே செய்த ரோபோ கவசத்தை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பிள்ளைகளைப் பார்க்கப் போவேனே, அதில் ஒரு சின்ன விஷயம். கவலைப்படாதீர்கள். சிகிச்சைக்கு வந்துபோகும் ஜெயப்ரியா என்ற சிறுமி இந்த வாரம் எனக்குக் கை கொடுக்கவில்லை.

"இரும்புலியூர்ல செல்போன் கடை வாசல்ல நோட்டீஸ் குடுத்துகினு இருந்தியே, நான் கூப்ட்டேன், நீ கண்டுக்கவே இல்ல" என்றாள்.

பிள்ளைகள் முன்னால் ரோபோ பேசாது, தலைக்கவசத்தைக் கழற்றாது. அதனால் அது நானில்லை என்று சொல்ல முடியவில்லை.

அறைக்குத் திரும்பி விசாரித்ததும்தான் தெரிந்தது: எப்போதும் எனக்கு வார் மாட்டிவிடும் ரூம்மேட் குணாதான், நான் ஷிப்டுக்குப் போன நாளில் கவசத்தைத் தன் மச்சானுக்கு மாட்டி, நோட்டீஸ் கொடுக்கக் கூலிக்கு அனுப்பியிருக்கிறான். என் அளவுக்குச் செய்த தோளையும் அவனுக்காக வெட்டிவிட்டான்.

கேட்டால், "இன்னா இப்போ? சும்மாதானே தொங்கிகினு கீது" என்கிறான்.

குணாவுக்கென்று தனியாக முறுக்கு கட்டுவீர்களே, இனி வேண்டாம்.

மாமா வரும்போது அப்பா முதுகு சொறியும் மரக்கையைக் கொடுத்தனுப்புங்கள். கவசத்தின் வார் முதுகுப்பக்கம் இருக்கிறது. எனக்குக் கை எட்டவில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

இசக்கிராஜ்