பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நேற்று மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் யாரோ மிதித்த கட்டைவிரல் இன்னும் வலி. கடையில் தைக்க வேண்டிய பிளவுஸ் ஒரு குவியல்.

மத்தியானம் டூர் ஆபீசில் மீட்டிங். நானும் இவரும். எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு மகள் நான்சியின் பரிசு, கென்யா டூர். தசரா லீவில். இவருக்கு ஸ்கூல் வேன் ஓட்ட வேண்டாம், எனக்குக் கடையில் சொல்லியாயிற்று. கிரண் என்ற கன்னடப் பையன் பாதித் தமிழில் விளக்கினான். இங்கிருந்து போகிற பெரிய பிளேனில் தொல்லையில்லை. நைரோபியிலிருந்து காட்டுக்குப் போக ஒரு குட்டி பிளேன். அதற்குத்தான் இத்தனை சட்டம்.

எழுதிக்கொண்டது:
– ஆளுக்குப் பதினைந்து கிலோ. கைப்பையும் சேர்த்து!
– பெட்டி கூடாது, சக்கரம் கூடாது. மெத்தென்ற பை மட்டும். அமுக்கி உள்ளே தள்ளுவார்களாம்.
– பிளாஸ்டிக் கவர் அந்த நாட்டுக்குள்ளேயே கூடாது. ஊறுகாயை எதில் கட்ட?
– நீலம், கறுப்புத் துணி வேண்டாம். அந்த நிறத்துக்கு ஏதோ ஈ வந்து கடிக்குமாம். என்னிடம் இருப்பதே அதுதான்.
– மஞ்சள் காய்ச்சல் ஊசி. போட்டாயிற்று.

கடைசியில் போட்டான் ஒரு குண்டு. "மேடம், எல்லாரும் அவங்கவங்க பாடி வெயிட் குரூப்ல ஹாக்கி. குட்டி பிளேன் அல்வா? பேலன்ஸ் பண்ணணும்." ஹாக்கி என்றால் போடு, அல்வா என்றால் இல்லையா. டூர் வாட்ஸ்அப் குரூப்பில் போடணுமாம். அதில் எங்கள் கோயில் பாட்டு டீச்சர் லூர்து இருக்கிறாள். அவள் கண்ணில் பட்டால் ஞாயிறு பூசை முடிவதற்குள் ஃபிரேசர் டவுன் முழுக்கத் தெரிந்துவிடும்.

72 என்று போட்டேன். அது நான்சி ஸ்கூலுக்குப் போன காலத்து எடை. இவர் 71. முன்பு ரத்தம் கொடுத்தபோது கார்டில் எழுதியது. இவராவது உண்மை சொன்னார்.

நாளைக்கு: கான்வாஸ். பெரிய ஜிப் இரண்டு. இவருடைய காக்கி பேன்ட் இடுப்பைப் பிடித்துத் தைக்க.

செப்டம்பர் 11, வியாழன்

வெயில், பிறகு மழை, பிறகு வெயில். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

சிவாஜிநகரில் கான்வாஸ் வாங்கினேன், மண் நிறம். வெட்டி வைத்தேன். கைப்பிடி எங்கே வைப்பது என்று மூன்று முறை மாற்றினேன். ரெடிமேட் பை வாங்கலாமே என்கிறாள் நான்சி. அந்தப் பைகள் காலியாகவே கனக்கின்றன.

கிரண் மறுபடி மெசேஜ். பிளேன் ஏறும் இடத்தில் பையும் கையுமாக ஆளைத் தராசில் நிறுத்துவார்களாம். எல்லார் முன்னாலும். லூர்து கீழே ஒரு சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறாள். அவளுக்கென்ன, குச்சி.

கடையில் பக்கத்து மெஷின் மெஹருன் காக்கி பேன்ட்டைத் தூக்கிப் பார்த்தாள். "யாரோடதுக்கா இது, ஸ்கூல் பையனோடதா?"

"அந்தோணி அண்ணனோடதுடி."

"இவ்ளோ பிடிக்கிற?"

மாதா நவநாளுக்குக் கறி மீன் விட்டிருந்தார், அதில் இளைத்துவிட்டார் என்றேன். அவள் பேன்ட்டை மடித்து வைத்தாள்.

சாப்பிடும்போது இவர் தன் மீன் துண்டை என் தட்டுக்குத் தள்ளினார். "போதும், நீ துன்னு." நாளையிலிருந்து பட்டினி என்று சொல்லிவிட்டு அதையும் தின்றேன். வெட்கம்தான்.

செப்டம்பர் 13, சனி

இரண்டு பையும் முடிந்தது. நன்றாகவே வந்திருக்கிறது. துணி, மாத்திரை, பிஸ்கட், புளியோதரைப் பொடி எல்லாம் வைத்து ஜிப்பை இழுத்தேன். ஊறுகாய் எவர்சில்வர் டப்பாவில்.

நான்சி வாங்கிய எடை மெஷின் வந்தது. ஆள் ஏறி நிற்கிற கண்ணாடிப் பலகை ஒன்று. பையை வைத்தால் நம்பரை மறைக்கிறது. "பையைப் பிடிச்சுட்டு ஒரு வாட்டி ஏறணும், இல்லாம ஒரு வாட்டி ஏறணும். கழிச்சா பை வெயிட்டு" என்றாள். நான் மாட்டேன் என்றேன். இவர் ஏறினார்.

பையோடு 72. பையில்லாமல் 58.

"பதினாலு! பாஸ்" என்றாள் நான்சி. நானும் கை தட்டினேன். தட்டிக்கொண்டேயிருந்தேன். அப்புறம்தான் அந்த இன்னொரு நம்பர் மண்டைக்கு ஏறியது. நான்சி அப்பாவையே பார்த்தாள்.

மெஷின் தப்பு என்றேன். பிரிக்காத அரிசி மூட்டை இருபத்தைந்து கிலோ, நம்பர் தெரிகிற மாதிரி மூன்று பேரும் இழுத்து நிமிர்த்தி வைத்தோம். இருபத்தைந்து காட்டியது. யாரும் கேட்காமலே நானும் ஏறினேன். 83. யாரும் சிரிக்கவில்லை.

"நல்லதாப் போச்சு" என்றார் இவர். "எனக்குக் கொறஞ்ச வெயிட்டுக்கு நீ ரெண்டு பொடவ சேத்து எடுத்துக்க."

தவக்காலத்தில் ஒரு இன்ச் பிடித்தேன். மே மாதம் இன்னொன்று. முந்தாநாள் மறுபடியும். ஊரில் உள்ளவர்கள் இடுப்பையெல்லாம் டேப் வைத்து அளக்கிறவள் நான். என் கையால் தைத்தேன், தைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தேன். தட்டில் அவர் ஒதுக்கியதையும் நானே தின்றேன். என்ன பொம்பளை நான்.

செப்டம்பர் 15, திங்கள்

மழை. ஆட்டோ கிடைக்கவில்லை.

டாக்டரிடம் போனோம். எத்தனை நாளாக இளைக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். சுகராக இருக்கலாம், நிறைய பேருக்கு இப்படித்தான் தெரியவரும் என்றார் டாக்டர்.

வீட்டில் சண்டை. டூரை கேன்சல் பண்ணு என்றேன் நான்சியிடம். "வேன் பசங்ககிட்ட சிங்கம் போட்டோ காட்றேன்னு சொல்லிட்டேன் ரீட்டா. அதுங்க தெனமும் கேக்குது" என்றார் இவர். சிங்கமாம். எனக்கு வந்த கோபத்துக்குக் குக்கர் மூடியை விட்டெறிந்தேன். நசுங்கவில்லை.

மெஹருனின் மாமா ஒருத்தர் இப்படித்தான் பாதியாகப் போனாராம். சுகர். ஊசி போட ஆரம்பித்த பிறகு இப்போது பயில்வான் மாதிரி இருக்கிறாராம். அதைக் கேட்டதிலிருந்து கொஞ்சம் மூச்சு வருகிறது. கிரணுக்கு போன் போட்டேன். இன்சுலின் எடுத்துப் போகலாமா? "கைப்பையில மேடம், டாக்டர் லெட்டரோட. கீழ போற லக்கேஜ்ல பேடா, வேணாம்" என்றான்.

மிச்ச கான்வாஸில் ஒரு சின்ன பை தைத்தேன். உள்ளே பஞ்சு வைத்து, ஐஸ் பாக்கெட்டுக்குத் தனி அறை. மாதாவே, சுகராக இருக்கட்டும் என்று ஜெபம். புருஷனுக்குச் சுகர் கேட்டு மெழுகுவர்த்தி ஏற்றியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செப்டம்பர் 17, புதன்

வானம் மூடிக் கிடக்கிறது. மழையும் இல்லை.

ரிசல்ட் வந்தது. சுகர் இல்லை.

வேறு என்னென்னவோ நம்பரை டாக்டர் பேனாவால் வட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை ஸ்கேன், வெறும் வயிற்றோடு வரணும். டூருக்குப் போகலாமா என்று இவர் கேட்டார். முதலில் ஸ்கேன் பார்ப்போம் என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில் சிக்னலில் இவர், "அந்தச் சின்ன பிளேன்ல டிரைவர் பக்கத்துல உக்கார வைப்பாங்களாமே" என்றார்.

வீட்டுக்கு வந்தால் கிரண் மெசேஜ். கடைசி எடை இன்றைக்கே அனுப்பணும். குரூப்பில் போட்டேன். ரீட்டா 83, அந்தோணி 58. லூர்து பார்க்கட்டும். "சூப்பர் மேடம், சார் லைட் வெயிட், நோ பிராப்ளம்" என்று கட்டைவிரல் பொம்மை போட்டான். அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

பஞ்சு வைத்த சின்ன பை மேஜைமேலேயே கிடக்கிறது.

சாயங்காலம் இவர் காக்கி பேன்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "ஸ்கேனுக்கு இதையே போட்டுக்கறேன். இன்னும் அரை இன்ச் பிடிச்சுக் குடு. நழுவுது."

மாட்டேன் என்றேன். கத்திவிட்டேன். நான்சி உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

அவர் அந்தப் பக்கம் போன பிறகு பேன்ட்டைத் தையல் மெஷின்மேல் போட்டு இடுப்புத் தையலைப் பிரித்தேன். போன வாரம் பிடித்தது, மே மாதம் பிடித்தது, தவக்காலத்தில் பிடித்தது, எல்லாம். நல்லவேளை, துணியை வெட்டவில்லை. முழுசும் உள்ளேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பெல்ட் போட்டுக்கொண்டு வரட்டும்.