இங்கே இருக்க ஒரு ஆள்

9.1.94, ஞாயிறு

காலையிலேயே கஸ்தூரிரங்கன் சார் மாடியில் நின்று கை தட்டினார். சரளா லைனில் இருக்கிறாள் என்று அர்த்தம். எங்கள் தெருவில் போன் உள்ள வீடு அவருடையதுதான். மகன்கள் எல்லாரும் அமெரிக்காவில் இருக்கிற வீடும் அதுதான்.

வழக்கம்போல மகள் வல்லி முதலில் பிடுங்கிக்கொண்டாள். எதிர்வீட்டு ஆடு குட்டி போட்டதை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். நாலு வயதுக்கு அவ்வளவு பேச்சு எங்கிருந்துதான் வருகிறதோ. கடந்த ஆகஸ்டில் பூச்சி ஆராய்ச்சிப் படிப்புக்காகக் கான்சாஸுக்குப் போன என் மனைவி அந்த ஆட்டுக்குட்டி கதையைக் கேட்டு அழுதிருக்கிறாள். நான் வாங்கியபோது குரல் கம்மியிருந்தது.

"ரெண்டு பேரும் வந்துடுங்க. இன்னும் மூணு வருஷத்துக்கு மேல இருக்கு. என்னால இப்படி இருக்க முடியாது" என்றாள்.

படிக்கிறவளின் கணவன், படிக்கிறவளின் மகள் என்று எங்களுக்கு விசா உண்டாம். கணவன் அங்கே வேலை பார்க்கக் கூடாதாம். போகட்டும், சமைக்கத் தடை இல்லையே.

10.1.94

தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலி தாமோதரன். விஷயத்தைச் சொன்னேன். "இன்னா மச்சான், பொண்டாட்டிக்கு சோறாக்கவா அமெரிக்கா போற?" என்று நாள் முழுக்க ஓட்டினான். இங்கே மட்டும் யார் ஆக்குகிறார்களாம்?

12.2.94

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் வல்லி முறைத்துக்கொண்டிருக்கிறாள், என்னைப் போலவே.

மாலையில் கஸ்தூரிரங்கன் சார் விசா நேர்காணலுக்கு என்னைத் தயார்ப்படுத்தினார். அவர் அதிகாரி, நான் நான். டை கட்டிக்கொள்ளச் சொன்னார். வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் போகச் சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில், சிரிக்கக் கூடாது. சேலையூரில் பாதிப் பேர் இவரிடம் பாடம் கேட்டுத்தான் போயிருக்கிறார்கள். எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

3.3.94, வியாழன்

கிடைக்கவில்லை.

விடியும் முன்பே அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போய் வரிசையில் நின்றோம். வல்லி என் தோளில் தூங்கிவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மனைவி அங்கே, மகள் அங்கே, நீயும் அங்கே, பிறகு இந்தியாவுக்குத் திரும்பி வர உனக்கு என்ன காரணம் இருக்கிறது என்றார். ரயில்வே வேலை என்றேன். அதைத்தான் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வருகிறாயே என்றார். வீட்டுப் பத்திரத்தை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கும் கவுண்டர்தான் பிழைப்பு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பது எப்படி என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பும்போது ரயிலில் வல்லி கேட்டாள்: "அந்த மாமா அம்மாவை குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாரா?"

4.3.94

டை கழுத்தை அறுத்ததுதான் மிச்சம்.

13.3.94, ஞாயிறு

சரளாவிடம் சொன்னேன். பரவாயில்லை, வேறு வழி பார்க்கலாம் என்றாள்.

என்னென்ன வழி? போனை வைத்ததும் கஸ்தூரிரங்கன் சார் ஆரம்பித்துவிட்டார். சுற்றுலா விசா கேட்கலாம். ஆனால் அதே கண்ணாடி, அதே ஆள். நானும் படிக்கப் போகலாம். நான் பி.காம். தேறியதே பெரிய பாடு, இதைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது. மூன்றாவதை அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கொழந்தைய இங்க விட்டுட்டு நீங்க மட்டும் கேளுங்கோ. ஒடனே விசா முத்திரை குத்திக் குடுத்துடுவான். குடும்பத்துல ஒருத்தர் இங்க இருந்தா போதும், திரும்பி வருவேள்னு நம்புவான். எங்களையே பாருங்கோ. நானும் மாமியும் சேந்து கேட்டா குடுக்கறதில்ல. அவ பேரனைப் பாக்கப் போயிருக்கா, நான் இங்க மோர் சாதம் சாப்டுண்டிருக்கேன்."

இவர் ஏன் எப்போதும் தனியாகவே இருக்கிறார் என்று இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை.

நாலாவதாக ஒரு வழி இருக்கிறது. சரளா படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவது. அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். வல்லி வயிற்றில் இருக்கும்போதே இந்தப் படிப்புக்கான பரீட்சைக்குத் தயாரானவள் அவள்.

10.4.94, ஞாயிறு

மூன்றாவது வழியைச் சரளாவிடம் சொல்லிவிட்டேன். அவள் உடனே வேண்டாம் என்பாள் என்று நினைத்திருந்தேன். "உங்க அக்கா நல்லா பாத்துப்பாங்க இல்ல?" என்று கேட்டாள்.

கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். பெத்தவ கேக்கற கேள்வியா இது? நாள் பூரா மனசு ஆறலை.

சாயங்காலம்தான் உறைத்தது. எனக்காவது வல்லி இருக்கிறாள். கட்டில் காலில் மோதிக்கொண்டு அழுவதற்கும், சோற்றைத் துப்புவதற்கும், என் காதுக்குள் மூச்சு விட்டுத் தூங்குவதற்கும். அவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

17.4.94

வல்லியை ஊரப்பாக்கத்தில் தையல்நாயகி அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். ஒரு வாரம். எப்படி இருக்கிறாள் என்று பார்ப்பதற்குத்தான். அழவில்லை. கை ஆட்டினாள்.

19.4.94

வீடு சகிக்கவில்லை.

24.4.94

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். வல்லி சமர்த்து, வேளைக்குச் சாப்பிட்டாள், ஒருநாள்கூட அழவில்லை என்றாள். நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"செருப்ப மட்டும் கழட்ட மாட்டேன்னுட்டாடா. வூட்டுக்குள்ளயும் மாட்டிகினே கீறா. சோறு துன்னும்போதும் செருப்பு, தூங்கும்போதும் செருப்பு. ஏண்டி செல்லம்னு கேட்டா, அப்பா வந்தா ஒடனே கெளம்பணும்ல அத்தேங்கிறா."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் வல்லியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை நடந்தே வந்தேன். இடுப்பில் அந்தச் செருப்பு இடித்துக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவளே வாசலில் கழற்றிவிட்டு உள்ளே ஓடினாள்.

முடியாது. சத்தியமா முடியாது. இவளை அடகு வச்சு நான் விசா வாங்க மாட்டேன்.

26.4.94

கவுண்டரில் சில்லறை கொடுத்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. யாராவது ஒருவர் இங்கே இருக்க வேண்டும் என்றுதானே கேட்கிறார்கள். அந்த ஒருவர் ஏன் நாலு வயதுக்காரியாக இருக்க வேண்டும்?

அதற்குப் பிறகு யாருக்கு எந்த ஊர் டிக்கெட் கொடுத்தேன் என்று தெரியவில்லை. தாமோதரன் என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் அவன் உட்கார்ந்துகொண்டான்.

1.5.94, ஞாயிறு

சரளாவிடம் சொன்னேன்: வல்லி மட்டும் வருவாள்.

"நீங்க?"

நான் இங்கே வேலை பார்க்கிறேன், நீ முடித்துவிட்டு வா என்றேன். அவள் அழுதாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

14.6.94

அதே கண்ணாடி, வேறு அதிகாரி. இந்த முறை டை இல்லை. குழந்தை மட்டுமா, நீ போகவில்லையா என்றார். எனக்கு இங்கே வேலை இருக்கிறது, அவர்கள் இரண்டு பேரும் என்னிடம்தான் திரும்பி வர வேண்டும் என்றேன். வல்லியைப் பார்த்து அவர் சிரித்தார். கிடைத்துவிட்டது.

வெளியே வந்து அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

10.7.94

பெண் குழந்தையைத் தனியாக அனுப்புகிறாயே, உனக்குப் பைத்தியமா என்று அக்கா திட்டுகிறாள். தனியாக ஏன்? கஸ்தூரிரங்கன் சாரின் மருமகள் தன் தம்பியின் கல்யாணத்துக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறாள். திரும்பும்போது சிகாகோவரை கூட்டிப் போவாள், சரளா அங்கே வந்து நிற்பாள். வல்லி இப்போதே அவள் மடியை விட்டு இறங்குவதில்லை.

வல்லிக்குத் தலை பின்னிக்கொள்ளச் சொல்லித் தருகிறேன். எனக்கே சரியாக வராது.

20.8.94, சனி

அனுப்பிவிட்டேன்.

புது ஷூ வாங்கியிருந்தேன். போட்டுக்கொண்டாள். பழைய செருப்பையும் எடுத்துக்கொள்வேன் என்றாள், பெட்டியில் இடமில்லை. "இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றேன். மீனம்பாக்கத்தில் உள்ளே போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "நீ எப்போப்பா வருவே?" என்று கேட்டாள். அம்மா படித்து முடித்ததும் நீங்கள்தான் இங்கே வருவீர்கள் என்றேன். எந்த அளவுக்குப் புரிந்ததோ.

எதிரே திரிசூலத்தில் ரயில் பிடித்தேன். டிக்கெட் எடுக்க மறந்துவிட்டேன். ரயில்வேக்காரன்.

28.8.94

போன் வந்தது. நன்றாக இருக்கிறாளாம். ஷூவைக் கழற்ற மாட்டேன் என்கிறாளாம், படுக்கும்போதுகூட. அங்கே குளிர் என்று நினைத்துக்கொண்டாள்போல என்றாள் சரளா. அவளுக்கு ஊரப்பாக்கத்துக் கதையை நான் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

4.9.94

ஷூ இன்னும் காலில்தானாம்.

18.9.94, ஞாயிறு

வல்லி பேசினாள். அம்மா வேலை பார்க்கிற இடத்தில் பெட்டி பெட்டியாக வண்டு இருக்கிறதாம். ஒன்றுக்கு என் பெயர் வைத்திருக்கிறாளாம், ஜெயவேலு. பிறகு சரளா வாங்கினாள். எல்லாம் பேசி, வைக்கப் போகும்போது சொன்னாள்: "சொல்ல மறந்துட்டேனே. ரெண்டு நாளா ஷூவை அவளே வாசல்ல கழட்டி வச்சிட்டு உள்ள வர்றா."

ரொம்ப சந்தோஷம் என்றேன். நிஜமாகவே சந்தோஷம்தான். போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மோர் சாதம் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார் கஸ்தூரிரங்கன் சார். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்து வாசலைப் பெருக்கினேன். அந்தச் செருப்பைத் தூசி தட்டி என் செருப்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அவள் வரும்போது காலுக்குச் சேராது. இருக்கட்டும்.