குளுக்கோஸ் ஏறுகிறது

கனிமக் கப்பல் 'நெடுவழி', காவல் பதிவேடு
எழுதுபவர்: வேலுத்தாய், சலவைப் பிரிவு

பயண நாள் 402, காலை 7.10
சிட்டு, என் மகளே, இதை யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும், நான் எழுதுவது உனக்குத்தான். காற்று சரி. தண்ணீர் சரி. மற்றவர்கள் குளிர்ப்பெட்டிகளில் தூங்குகிறார்கள். இந்த முறை காவலுக்கு விழித்திருப்பது இரண்டே பேர். நானும், உன் வயிற்றைத் தைத்த டாக்டர் புருஷோத்தமனும். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். "ஏம்மா, இந்த இட்லிய வச்சு கப்பல் ஓட்டையை அடைக்கலாம் போலிருக்கே" என்று சிரிக்கிறார். நானும் சிரித்து வைக்கிறேன். உன்னை இழந்த பிறகும் அந்த ஆளுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துப் போடுகிறேன். வடிகட்டிகள் கழுவியாயிற்று.

நாள் 403, பகல் 11.40
தாது அறையில் அழுத்தக் குழாய் வெடித்தது. மூடி பறந்து வந்து டாக்டரின் வயிற்றில் அடித்தது. மருத்துவ அறைக்கு இழுத்துப் போனேன். இயந்திரமே குடலை வெட்டித் தைத்தது. உணவு எதுவும் வாய்வழி கூடாது, நரம்பில் என்ன ஏற்றுவது என்பதை மட்டும் காவலில் இருக்கும் ஆள் சொல்ல வேண்டும், நோயாளி சொன்னால் ஏற்காது என்றது. குளுக்கோஸ் என்றேன். உனக்கு ஏற்றியது அதுதானே, வேறென்ன எனக்குத் தெரியும். பூமிக்குச் செய்தி போயிருக்கிறது.

நாள் 404, காலை 9.25
டாக்டர் கண் விழித்தார். மருத்துவ அறை ஒலிபெருக்கியில் வந்தது, அப்படியே எழுதுகிறேன்:
"என்ன ஏறுது? வெறும் குளுக்கோஸா? ஐயோ, முதல்ல பி1 வைட்டமின் ஊசி போடச் சொல்லும்மா. அப்புறம் அலமாரியில வெள்ளைப் பை இருக்கும், முழுச் சாப்பாட்டுச் சத்தும் அதுலதான், அதை மாட்டு. இப்படியே நாள் கணக்கா விட்டா தையல் ஒட்டாது. மூளை கலங்கிடும்."

சிட்டு, இவருக்குத் தெரிந்திருக்கிறது.

உனக்கு ஏதாவது சத்தாகக் கொடுங்கள் என்று நான் கெஞ்சியபோது என்ன சொன்னார்? "குளுக்கோஸ் ஏறுதுல்ல, அப்புறம் என்ன சாப்பாடு?" என்றார். வெள்ளைப் பை அதிகாரிகளுக்கு ஒதுக்கியது என்று அலமாரியைப் பூட்டினார். உன் தையல் பிரிந்தது. கண் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது. பெற்றவளைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டாய். சாவுக்குக் காரணம் கிருமி என்று எழுதி முடித்துவிட்டார். அவருக்கும் தெரியாமல் நடந்தது என்று நம்பித்தான் இத்தனை நாளும் அந்த ஆளுக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்றேன்.

அலமாரிச் சாவி இப்போது என்னிடம். திறந்து பார்த்தேன். பைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை. பூட்டிவிட்டு ஒலிவாங்கியில் சொன்னேன்: "குளுக்கோஸ் ஏறுதுல்ல டாக்டர் சார், அப்புறம் என்ன?"

நாள் 406, மாலை 4.00
பூமியிலிருந்து: "வேலுத்தாய்க்கா, நான் நர்ஸ் ஜெசிந்தா. வெள்ளைப் பை மாட்டியாச்சா? டாக்டருங்க படுத்தா நம்ம உயிரை வாங்குவாங்க, கண்டுக்காதீங்க."
என் பதில்: "மாட்டியாச்சு சிஸ்டர். சமத்தா படுத்திருக்காரு."

நாள் 411, காலை 10.15
ஒலிபெருக்கி: "துணி துவைக்கிறவளுக்கு இவ்வளவு திமிரா? ஊருக்குப் போனதும் உன்னை ஜெயில்ல போடுறேன் பாரு."
நான்: "போடுங்க சார். மொதல்ல எந்திரிச்சு ஒக்காருங்க."
எழப் பார்த்தார், முடியவில்லை. பிறகு: "அம்மா, உனக்கு என்னதான் வேணும்?"
நான்: "எம்மக பேரைச் சொல்லுங்க. வெள்ளைப் பை மாட்டுறேன்."
"வெல்டிங் பொண்ணுதானே... செல்வி? இல்ல, மாலாவா?"
பசி வந்தால் ஞாபகமும் வரட்டும்.

நாள் 419, காலை 8.30
கால் வீங்கியிருக்கிறது. தையல் ஓரம் நீர் கசிகிறது. இயந்திரம் உணவை மாற்றவா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. வேண்டாம் என்கிறேன். காலையில் எழுந்தால் முதல் வேலை அதுதான். வடிகட்டி கழுவவில்லை.

நாள் 424, பகல் 1.50
பூமியிலிருந்து: "அக்கா, அவர் ரத்தக் கணக்கு இங்க வந்திருச்சு. நீங்க பை மாட்டவே இல்லை. ஏன்னு நான் கேக்கலை. இன்னும் காப்பாத்தலாம். முதல்ல பி1 ஊசி. அப்புறம் வெள்ளைப் பையை சொட்டு சொட்டா விடுங்க. காஞ்ச உடம்பு, மொத்தமா ஏத்துனா அதுவே கொன்னுடும். கேக்குதா அக்கா?"
கேட்டது. பதில் அனுப்பவில்லை.

உள்ளே போனேன். கண்ணாடிக்கு வெளியே நிற்காமல் இன்றுதான் பக்கத்தில் போனேன். அவர் கண் ஆடுகிறது. என் மகள் பேர் செண்பகம் என்று, பதிவேட்டில் இருக்கும் உன் பேரை, நானே சொன்னேன். யாரைப் பற்றியோ பேசுவது மாதிரி சுவரைப் பார்த்தார். குழாய் வெடித்தது தெரியவில்லை. கப்பலில் இருப்பது தெரியவில்லை. உன்னைத் தெரியவில்லை. நான் யாரைத் தண்டித்துக்கொண்டிருக்கிறேன்? செய்தவன் உள்ளே இல்லை, சிட்டு, எனக்கு முந்தி தப்பித்துப் போய்விட்டான்.

நாள் 425
மணி பார்க்கவில்லை. வெள்ளைப் பை ஒன்று மடியில் இருக்கிறது. மாட்டவும் இல்லை, திருப்பி வைக்கவும் இல்லை.

என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். யாரென்று நினைத்தாரோ. "யம்மா, எனக்குப் பசிக்கலை, நீ சாப்புடு" என்றார்.

நீயும் கடைசி நாளில் அதைத்தான் சொன்னாய். அதே மாதிரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

பசி தானாகப் போய்விடும் என்றால், இந்த ஆளுக்கு நான் கொடுத்த தண்டனை ஒன்றுமே இல்லை. போகாது என்றால், நீ

இயந்திரம் மறுபடி கேட்கிறது. இரு என்றேன்.

சிட்டு, உண்மையைச் சொல். அன்றைக்கு உனக்கு நிஜமாகவே பசி போய்விட்டதா, இல்லை என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாயா?