உன் அப்பா கூட்டத்தில் விட்ட சவால்

ஆரணி,
12-8-1984

அன்பு மகன் துரைக்கு அம்மா ஆசியுடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், எனக்கு மனசு மட்டும் சரியில்லை. பிலாயில் வெயில் குறைந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா.

உன் பெரியப்பா வாய்ப் புற்றில் போனதிலிருந்து உன் அப்பா பழைய மனுஷராக இல்லை. பட்டில் பொறி விழுந்துவிடும் என்று பயந்து தறியில் யாரும் பீடி பற்றவைப்பதில்லை, அதற்குப் பதில் விடிந்ததிலிருந்து கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு நெய்கிறார்கள், பெரியப்பாவும் அப்படித்தானே, அதைத் துப்புங்கள் என்று அப்பா தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பள்ளிக்கூட வாசலில் பரசுராமன் கடையில் பிள்ளைகளுக்குப் பீடியும் புகையிலையும் விற்கக் கூடாது என்று முனிசிபாலிடிக்கு மனு எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். நல்ல காரியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டு வேடியப்பன் இவர் பேச்சைக் கேட்டுப் புகையிலையை விட்டான், விட்டவனுக்குத் தாங்க முடியாமல் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டே தறியில் உட்கார்ந்துவிட்டான், பொறி விழுந்து பாதி நெய்த முகூர்த்தப் புடவை பொத்தலாகிவிட்டது. அப்பா அன்றைக்குச் சோறே தொடவில்லை. தறிக்குப் பாவு நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி நம் வாசலில் வந்து நின்று, "எல்லாம் உன்னால வந்த பேஜாரு, அந்த மனுவ கிழிச்சிப் போடு, இல்லன்னா உன் தறிக்கும் பாவு கிடையாது" என்று கத்திவிட்டுப் போனார். தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கதவு தட்டினால் ஜன்னல் வழியே யாரென்று பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன், அப்பா வெளியே போனால் திரும்பி வரும்வரை உயிர் என்னிடம் இல்லை.

நேற்று தெருக்கூட்டம் போட்டார்கள். பரசுராமன் எழுந்து, "ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிகினு திரியிறியே, உன் புள்ள சிகரெட்டு தொடாதவனா" என்று கேட்டான். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என் புள்ள தொட்டான்னு எவனாவது காட்டுங்க, அன்னிக்கே நானே மனுவ கிழிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொங்கலுக்கு நீ வந்தபோது உன் சட்டையைத் துவைத்தது நான்தானே, பையில் இருந்த சிகரெட்டுத் தூளை அப்பாவுக்குத் தெரியாமல் கழுவிவிட்டேன். பரசுராமனின் தங்கை மகன் குப்புராஜ் உன்னோடுதான் வேலை செய்கிறான், தீபாவளிக்கு ஊருக்கு வருகிறானாம். அவன் வாயைத் திறந்தால் அப்பா எந்த முகத்தோடு தெருவில் நடப்பார்.

அப்பா மானத்துக்காக அதை விட்டுவிடு என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அந்தப் பயம் சின்னதாகப் போய்விட்டது. பெரியப்பாவுக்குக் கடைசியில் கஞ்சி ஊற்றினவள் நான், அந்த வாயைத் திறந்து பார்த்தவள். மனு கிழிந்தால் கிழியட்டும், பாவு வராவிட்டால் நான் கூலி வேலைக்குப் போகிறேன். எனக்கு நீ இருக்க வேண்டும் கண்ணு.

ரேணுகாம்பாள் உன்னைக் காப்பாற்றுவாள், நூறு வயசு நன்றாக இரு. படித்ததும் இதைக் கிழித்துப் போடு. உன் கடிதத்தை அப்பாதான் முதலில் பிரிக்கிறார், அதனால் அம்மா சொன்னபடி செய்தேன் என்று மட்டும் எழுது, என்ன சொன்னாய் என்று கேட்டால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னேன் என்று சமாளித்துக்கொள்கிறேன். சிகரெட்டை விடாமல் மட்டும் அப்படி எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ராஜம்மாள்