சாம்பிராணி வேண்டாம்

மாப்ள சோலை,

நான் கல்லூரிக்குப் போகிறேன். வர ஆறு மணி ஆகும். குக்கரில் சாதம் இருக்கிறது, ரசத்தைச் சூடு பண்ணிக்கொள். தீப்தியை மூன்றரைக்கு ஸ்கூல் வேன் இறக்கிவிடும். வாசலில் நில்.

நீ அவளுக்கு வாங்கி வந்த வைட்டமின் டப்பாவை எடுத்து வைத்துவிட்டேன். உன் அக்காவுக்கும் இதைத்தான் கொடுத்தாய். "ஆன்டி ஆக்ஸிடன்ட்க்கா, நெஞ்சைச் சுத்தமாக்கிரும். இன்ஹேலர் பஃப் அடிச்சா பழகிரும், விட்டுரு" என்றாய். நான்கு மாதம் நம்பினாள். ஐந்தாம் மாதம் மூச்சு நின்றது. மாத்திரை சாப்பிட்டது தப்பில்லை, பஃப்பை நிறுத்தியதுதான் தப்பு என்று டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

பிள்ளைக்கு இழுப்பு வந்தால் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் நீல பஃப்பைப் பிளாஸ்டிக் குழாயில் மாட்டிக் கொடு. அடங்காவிட்டால் உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்குப் போன் பிறகு செய்யலாம்.

இன்று வெள்ளிக்கிழமை. அக்கா படத்துக்கு விளக்கு மட்டும் ஏற்று. சாம்பிராணி வேண்டாம், தீப்திக்கு ஆகாது. உன் அக்காவுக்கும் புகை ஆகாது. செத்த பிறகு வாரம் தவறாமல் அவள் முகத்துக்கு நேராகப் போடுகிறோம்.

கண்ணன்

டப்பாவைக் குப்பையில் தேடாதே. என் மேசை இழுப்பறையில், உன் அக்காவின் பழைய டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இதையும் எழுதிவிடுகிறேன். நீ வாங்கி வந்தாய், அவ்வளவுதான். தினமும் காலையில் அவளுக்குத் தண்ணீரோடு எடுத்துக் கொடுத்தவன் நான்.